எதிர்பாராமல் வந்த பணம்: சிறுதொழில் நடத்துபவர் அதை எந்த வரிசையில் செலவிடலாம்?

சிறுதொழிலில் பணம் எங்கிருந்து வரும், எப்போது வரும் என்பது ஓரளவு தெரிந்த கணக்குதான். அந்தக் கணக்கில் இல்லாத ஒரு தொகை சில சமயம் வந்து சேரும். இனி வராது என்று விட்டுவிட்ட பழைய பாக்கி வசூலாகும். கட்டிய வரியில் ஒரு பகுதி திரும்பி வரும். மூலையில் கிடந்த இயந்திரத்துக்கு நல்ல விலை கிடைக்கும். அவசர ஆர்டர் ஒன்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு லாபம் தரும். குடும்பச் சொத்தில் பங்கு வரும். வந்த பணம் ஆறு மாதத்தில் எங்கே போனது என்று தெரியாமல் கரைந்துபோவதும் அடிக்கடி நடக்கிறது. பெரிய தவறு எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. வரிசை மாறினாலே போதும், பணம் கரைந்துவிடும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் ஒன்றுதான். ஒருமுறை வந்த பணத்தை, மாதாமாதம் திரும்பி வரும் செலவைத் தொடங்கிவைக்கப் பயன்படுத்தக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் மாதச் செலவைக் குறைக்கும் காரியத்துக்கோ, ஒரே தடவையில் முடிந்துவிடும் காரியத்துக்கோ அது போகலாம். புதிய வாடகை, புதிய சம்பளம், புதிய தவணை ஆகிய மூன்றும் பணம் தீர்ந்த பிறகும் வாசலில் வந்து நிற்கும்.

முதல் வேலை: இது உண்மையிலேயே உங்கள் பணமா?

கணக்கில் ஏறிய தொகை எல்லாம் செலவு செய்யக்கூடிய தொகை ஆகிவிடாது. எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்து அதை நடத்தும் விதம் மாறும்.

வாடிக்கையாளர் கொடுத்த அட்வான்ஸ் என்றால், சரக்கையோ வேலையையோ கொடுத்து முடிக்கும்வரை அது உங்கள் தலையில் இருக்கும் கடன். ஆர்டர் ரத்தானால் திருப்பித் தர வேண்டியிருக்கும். அந்த ஆர்டருக்கு ஆகும் மூலப்பொருள், கூலி, போக்குவரத்து மூன்றையும் கழித்த பிறகு மிஞ்சுவது மட்டுமே லாபம். பெரிய அட்வான்ஸை வாங்கி வேறு கடனை அடைத்துவிட்டு, அந்த ஆர்டருக்கான பொருள் வாங்கப் பணம் இல்லாமல் தவிப்பது சிறுதொழிலில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து.

காப்பீட்டுத் தொகை என்றால், சேதமானதை முதலில் சரிசெய்ய வேண்டும். மானியம் என்றால் நிபந்தனைகளை எழுத்தில் படியுங்கள்: எதற்குச் செலவிடலாம், எந்தத் தேதிக்குள், என்ன ரசீது காட்ட வேண்டும், தவறினால் திருப்பிக் கேட்பார்களா? அடமானத்தில் இருக்கும் இயந்திரத்தை விற்றிருந்தால் கடன் கொடுத்தவருக்கு அதில் உரிமை உண்டு. பங்குதாரர் இருந்தால், தொழிலுக்கு வந்த பணத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அவருக்குச் சொல்லாமல் ஒரு காசும் நகரக் கூடாது. வங்கியோ வாடிக்கையாளரோ தவறுதலாக அனுப்பிய தொகை என்ற சந்தேகம் இருந்தால் உடனே கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். தவறாக வந்ததைச் செலவழித்தாலும் திருப்பித் தரும் கடமை போகாது.

பூர்வீகச் சொத்து மூலம் வந்தால் அது தொழிலின் பணம் அல்ல, உங்களுடைய சொந்தப் பணம். தொழிலுக்குள் போடுவதானால் உரிமையாளர் முதலீடு என்றோ, உரிமையாளர் கொடுத்த கடன் என்றோ கணக்கில் எழுதிவிட்டுப் போடுங்கள். எழுதாமல் போட்டால், அது விற்பனை வருமானம் இல்லை என்று பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு.

இரண்டாவது: எங்கே நிறுத்துவது?

தினமும் வரவு செலவு நடக்கும் நடப்புக் கணக்கில் இந்தத் தொகையை விட்டுவைக்காதீர்கள். அங்கே இருப்பு அதிகமாகத் தெரிந்தால் கை தாராளமாகும். பேரம் பேசாமல் கொள்முதல் நடக்கும், பாக்கி வசூலில் வேகம் குறையும். மனிதர்கள் பணத்தை அது வந்த வழியைப் பார்த்து மனத்துக்குள் தனித்தனிப் பெட்டிகளில் போட்டுவைக்கிறார்கள் என்பதைப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 2017-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். உழைத்துச் சேர்த்த பணத்தில் எடுக்கத் துணியாத ஆபத்தை, சும்மா வந்ததாகத் தோன்றும் பணத்தில் மனம் எளிதாக எடுத்துவிடும்.

ஆகவே தனிக் கணக்கு ஒன்று வேண்டும். அதற்கு கார்டு வேண்டாம், போன் செயலியில் இணைக்க வேண்டாம். 30 நாள் அங்கேயே இருக்கட்டும். அவசரக் கடன் ஏதாவது அபராத வட்டியில் ஓடிக்கொண்டிருந்தால் அது மட்டும் விலக்கு.

ஓவர்டிராஃப்ட் வசதி, அதாவது இருப்புக்கு மேலும் ஒரு வரம்புவரை வங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளும் கடன் வசதி, வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அந்தக் கணக்கில் வட்டி பெரும்பாலும் தினசரி நிலுவை மீதுதான் போடப்படும். பணத்தை அதில் கட்டிவைத்தால் அன்றிலிருந்தே வட்டி குறையும். வேண்டும்போது திரும்ப எடுக்கலாம். சேமிப்பு வட்டியைவிட இது லாபம். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. வசதியைப் புதுப்பிக்கும் தேதி நெருங்கும்போது வங்கி வரம்பைக் குறைத்துவிட்டால், நீங்கள் போட்டுவைத்த பணம் கடனடைப்பாகவே முடிந்துபோகும். புதுப்பிக்கும் தேதி மூன்று மாதத்துக்குள் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

30 நாள் என்பதைக் காலண்டரில் குறியுங்கள். தேதி இல்லாமல் காத்திருந்தாலும் பணம் கரையும்.

மூன்றாவது: வரியைத் தனியே எடுத்துவிடுங்கள்

இது சின்னப் பகுதிதான், ஆனால் தவறினால் வலிக்கும். எந்த வகை வரவுக்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்பது ஊருக்கு ஊர், வரவுக்கு வரவு மாறும். கணக்காளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இது வருமானமா, முதலீட்டு வரவா? இதில் விற்பனை வரி கலந்திருக்கிறதா? எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும்? பழைய பாக்கி வசூலான விஷயத்தில் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும். பில் போட்ட ஆண்டிலேயே அதை வருமானமாகக் காட்டியிருந்தால் இப்போது மறுபடி வரி இருக்காது. வராக்கடன் என்று நடுவில் கழித்திருந்தால் இப்போது வருமானமாகச் சேரும். பதில் கிடைக்கும்வரை உங்கள் வழக்கமான வரி விகிதத்துக்குச் சற்று கூடுதலாகவே ஒதுக்கிவையுங்கள்.

நான்காவது: ஒரு பக்கக் கணக்கு

ஒரு தாளை எடுத்து நான்கு விஷயம் எழுதுங்கள். கடந்த 12 மாதத்தில் ஒவ்வொரு மாதமும் கையை விட்டுப் போன மொத்தப் பணம். எல்லாக் கடன்களும், ஒவ்வொன்றின் நிலுவை, தவணை, வட்டி. சப்ளையர்களுக்குத் தர வேண்டியது, தேதியோடு. உங்களுக்கு வர வேண்டியது, அதுவும் தேதியோடு.

இதில் முதல் விஷயத்திலிருந்து ஒரு முக்கியமான எண் கிடைக்கும். மாதத்துக்குச் சராசரியாக 3,00,000 வெளியே போகிறது என்றால் ஒரு நாளைக்கு 10,000. வழக்கமான கையிருப்பு 1,20,000 என்றால், நாளையிலிருந்து ஒரு காசு வரவில்லை என்றாலும் 12 நாள் தொழில் ஓடும். இதுதான் உங்கள் தாங்கும் நாட்கள். ஜேபிமார்கன் சேஸ் ஆய்வு நிறுவனம் 2016-இல் அமெரிக்காவின் சுமார் ஆறு லட்சம் சிறுதொழில்களின் வங்கிக் கணக்குகளைப் பார்த்தபோது, வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொழிலுக்குத் தாங்கும் நாட்கள் 27 என்று தெரிந்தது. கால்வாசித் தொழில்களுக்கு 13 நாளுக்கும் குறைவு. உணவகங்களுக்கு 16. ஆகவே உங்கள் எண் சிறியதாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

ஐந்தாவது: கடன்

எந்தக் கடனை முதலில் அடைப்பது? பெரும்பாலானவர்கள் தொல்லை கொடுப்பவரின் கடனை அடைக்கிறார்கள், அல்லது தொகை சிறியதை அடைக்கிறார்கள். மனநிம்மதி வேண்டும்தான். இருந்தாலும் உண்மையான வட்டி எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள், ஏனென்றால் சொல்லும் வட்டி வேறு, உண்மை வட்டி வேறு.

உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 12 சதவீதம் பிளாட் வட்டி என்று 12 தவணையில் வாங்கிய கடன். 100 வாங்கினால் 112 கட்ட வேண்டும், மாதம் 9.33. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் வட்டி மட்டும் முழு 100-க்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் ஆண்டு விகிதம் ஏறத்தாழ 21.5 சதவீதம். இன்னொன்று, தினவசூல் கடன். கையில் 90 தருவார்கள், தினம் 1 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பத்து ரூபாய்க் கணக்கு போலச் சாதாரணமாகத் தெரியும். ஆண்டு விகிதத்துக்கு மாற்றினால் சுமார் 78 சதவீதம் வரும். புதிய இயந்திரம் ஒன்று அந்த அளவு லாபம் தருவது அரிது.

ஆனால் அடைக்கப் போகும் முன் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: “இன்றைக்கே முழுதாக முடித்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?” மொத்தத் தொகையை முன்கூட்டியே நிர்ணயித்த கடன்களில், சீக்கிரம் கட்டினாலும் முழுத் தொகையையும் கேட்பவர்கள் உண்டு. குறைப்பு எதுவும் இல்லையென்றால் முன்னதாக அடைப்பதில் ஒரு காசு லாபம் இல்லை. பணத்தை உங்கள் கையில் வைத்துக்கொண்டு பழையபடி கட்டிக்கொண்டே போங்கள். அதே வகையில் அடுத்த கடன் வாங்காமல் இருப்பதற்குத்தான் அந்தப் பணம் உதவ வேண்டும். வங்கிக் கடனிலும் முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் இருக்கிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். மிச்சமாகும் வட்டி அந்தக் கட்டணத்தைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே அடைக்கலாம்.

வட்டிக்கு மேலாகப் பார்க்க வேண்டியது பிணை. குடியிருக்கும் வீடோ, உறவினரின் ஜாமீன் கையெழுத்தோ பின்னால் நிற்கும் கடன் ஒன்று இருந்தால், அதன் வட்டி சற்றுக் குறைவாக இருந்தாலும் வரிசையில் முன்னே கொண்டுவரலாம். தொழில் சறுக்கினால் குடும்பத்தைத் தொடும் கடன் அதுதான்.

பகுதித் தொகை கட்டும்போது வங்கியில் இரண்டு வழி கேட்பார்கள்: தவணைத் தொகையைக் குறைப்பதா, தவணை எண்ணிக்கையைக் குறைப்பதா? எண்ணிக்கையைக் குறைத்தால் மொத்த வட்டி அதிகம் மிச்சமாகும். சம்பளக்காரர்களுக்கு அதுவே சரி. வரவு ஏறி இறங்கும் சிறுதொழிலுக்கு, தாங்கும் நாட்கள் 30-க்குக் குறைவாக இருந்தால், தவணைத் தொகையைக் குறைப்பதே மேல். மந்தமான மாதத்தில் கழுத்தை நெரிப்பது மாதத் தவணைதான். கடைசியில் மிச்சமாகும் வட்டி அந்த மாதத்தைக் காப்பாற்றாது.

ஓவர்டிராஃப்டைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். கணக்கை மூடிவிட வேண்டாம். பணம் கையில் இருக்கும்போது தரத் தயாராக இருக்கும் வங்கி, பணம் இல்லாதபோது புதிதாகத் தர யோசிக்கும்.

அடைத்த அன்றே கடன் முடிந்ததற்கான சான்றை எழுத்தில் வாங்குங்கள். கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகள், பத்திரங்கள், உறுதிச்சீட்டுகள் எல்லாவற்றையும் எண்ணித் திரும்பப் பெறுங்கள். பதிவு அலுவலகத்தில் அடமானம் பதிவாகியிருந்தால் அதை நீக்கும்வரை வேலை முடியவில்லை.

சப்ளையர் பாக்கி

தேதி தாண்டிய பாக்கிகளை முதலில் முடியுங்கள். சரக்கு நின்றுபோனால் விற்பனையும் நிற்கும். தேதி வராத பில்களைச் சும்மா முன்கூட்டியே கட்டாதீர்கள். ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு கட்டுங்கள். 30 நாள் தவணை உள்ள பில்லை 10 நாளில் கட்டினால் 2 சதவீதம் குறைப்பு என்பது பல நாடுகளில் பழகிய ஏற்பாடு. 98 கட்டி 100-ஐத் தீர்க்கிறீர்கள், 20 நாள் முன்னதாக. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 37 சதவீதம். எந்த வைப்புநிதியும் இந்த வருமானம் தராது. சப்ளையர் குறைக்க மறுத்தால் தவணை நாளை 30-இலிருந்து 45 ஆக்கித் தரச் சொல்லுங்கள், அல்லது பற்றாக்குறைக் காலத்தில் உங்களுக்கு முதல் சரக்கு என்று எழுதி வாங்குங்கள். மொத்தமாகப் பணத்தைக் காட்டும் நாளில்தான் உங்கள் பேச்சுக்கு எடை அதிகம். அந்த நாளை வீணாக்கக் கூடாது.

கையிருப்பை உயர்த்துவது

தாங்கும் நாட்களை 30-க்குக் கொண்டுவருவதே முதல் இலக்கு. சீசன் பார்த்து ஓடும் தொழில், இரண்டு மூன்று வாடிக்கையாளர்களையே நம்பி இருக்கும் தொழில் என்றால் 60. இதைத் தனிக் கணக்கில், உடனே எடுக்கக்கூடிய வகையில் வையுங்கள். முதிர்வுக் காலம் நீண்ட சேமிப்பில் போட்டால் தேவைப்படும் நாளில் அபராதம் கட்டி உடைக்க வேண்டிவரும். எப்போது தொடலாம் என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள்: சம்பளம் கொடுக்க வேறு வழியில்லாதபோது, உற்பத்தியே நிற்கும் அளவு பழுது வந்தபோது. தள்ளுபடி விலையில் சரக்கு கிடைக்கிறது என்பது அவசரத்தில் சேராது.

இயந்திரம், சரக்கு: தொழிலுக்குள் போடும் பணம்

இத்தனைக்கும் பிறகு மிஞ்சியதுதான் தொழிலை வளர்ப்பதற்கு. சின்னத் தொகையும் தொழிலுக்குள் தங்கினால் என்ன செய்யும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. இலங்கையில் 2005 முதல் மிகச் சிறிய தொழில் நடத்துபவர்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய் மதிப்புள்ள உதவியைப் பணமாகவோ பொருளாகவோ கொடுத்து, சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் மூவரும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். போட்ட முதலீட்டில் சராசரியாக மாதம் 5 சதவீதத்தை ஒட்டி லாபம் கூடியது. பெண்கள் நடத்திய தொழில்களில் மட்டும் சராசரியாக அந்த உயர்வு தெரியவில்லை. திறமைக் குறைவு என்று இதைப் படித்துவிடக் கூடாது. 2019-இல் வெளியான மறு ஆய்வு, பெண்ணுக்குக் கிடைத்த பணம் அதே வீட்டில் இருந்த கணவரின் தொழிலுக்குத் திரும்பியிருப்பதையும், வீட்டு வருமானமாகப் பார்த்தால் அந்த லாபம் தெரிவதையும் காட்டியது. கானாவில் நடந்த இதே போன்ற சோதனையில், பணமாகக் கொடுத்ததைவிடச் சரக்காகவும் கருவியாகவும் கொடுத்தது தொழிலுக்குள் அதிகம் ஒட்டியது.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: முடிவு எடுக்கும்வரை பணம் எட்டாத தூரத்தில் இருக்கட்டும், முடிவு எடுத்த பிறகு அதே வாரத்தில் பொருளாக மாறிவிடட்டும். வீட்டில் யார் கேட்டாலும் கொடுத்துவிடும் நிலையில் இருப்பவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இந்த இரண்டாவது பாதி மிக முக்கியம்.

எதை வாங்குவது? வேலை எங்கே குவிகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். ஒவ்வொரு நாளும் மாலையில், எந்த மேசையில், எந்த இயந்திரத்தின் முன்னால் முடியாத வேலை காத்திருக்கிறது என்று குறித்துவையுங்கள். ஒரே இடம் நான்கு நாள் வந்தால் அதுதான் இடுக்கு. மற்ற இடங்களில் எவ்வளவு வேகம் கூட்டினாலும் அந்த இடுக்கில் போய்க் குவியும். விற்பனையாளர் காட்டும் புதிய மாடல் பெரும்பாலும் இடுக்கு இல்லாத இடத்துக்கானதாக இருக்கும். சில நேரம் இடுக்கை அவிழ்க்க இயந்திரமே வேண்டியிருக்காது. ஒரு கூடுதல் அச்சு, ஒரு நல்ல மேசை, தேய்ந்த பாகத்தை மாற்றுவது போதும். வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட பழுதுகளை முதலில் பாருங்கள். மின் இணைப்பு, கூரை ஒழுகல், குளிரூட்டியின் கேஸ், வண்டியின் டயர். இவை ஒவ்வொரு மாதமும் சத்தமில்லாமல் பணத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

போட்ட முதலீடு திரும்பும் காலத்தை இப்படிக் கணக்கிடுங்கள். வாங்கும் விலையோடு ஏற்றி இறக்கும் கூலி, அடித்தளம், மின் வயரிங், பயிற்சி, முதல் செட் உதிரிபாகம் ஆகியவற்றையும் சேருங்கள். விலைக்கு மேல் கால் பங்கு ஒதுக்கிவைப்பது பாதுகாப்பு. பிறகு அதனால் மாதம் எவ்வளவு மிச்சமாகும் அல்லது கூடும் என்பதில், அது தின்னும் மின்சாரத்தையும் பராமரிப்பையும் கழியுங்கள். மொத்தச் செலவை இந்த மாத மிச்சத்தால் வகுத்தால் எத்தனை மாதம் என்று வரும். 18 மாதத்துக்குள் வந்தால் நல்லது. 36-ஐத் தாண்டினால் வேண்டாம், அதற்குள் தொழில்நுட்பமும் வாடிக்கையாளரும் மாறிவிடலாம். கூடும் வருமானத்தைக் கணக்கிடும்போது கையில் இருக்கும் ஆர்டர்களை மட்டும் எண்ணுங்கள். இயந்திரம் வந்தால் ஆர்டர் தேடி வரும் என்ற நம்பிக்கையில்தான் பல இயந்திரங்கள் துணி போர்த்தி நிற்கின்றன.

பழைய இயந்திரம் வாங்கினால் குளிர்ந்த நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். முழுச் சுமையில் அரை மணி நேரமாவது ஓடட்டும். உங்கள் சரக்கையே கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். உதிரிபாகம் எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்று விற்பவரைக் கேட்காமல், அதே மாடலை ஓட்டும் இன்னொருவரைக் கேளுங்கள்.

சரக்கை மொத்தமாக வாங்கும் ஆசை வரும். ஆறு மாதச் சரக்கை ஒரேயடியாக எடுத்தால் 10 சதவீதம் குறைவு என்பார்கள். முழுதும் விற்றுவிட்டால் அது உண்மையிலேயே நல்ல லாபம், மறுப்பதற்கில்லை. ஆனால் பத்தில் ஒரு பங்கு தேங்கினாலே அந்தக் குறைவு முழுதும் போய்விடும்: 90 கொடுத்து 90-க்கான சரக்குதான் விற்றிருப்பீர்கள். கடந்த ஆண்டு ஒரு மாதம்கூட நிற்காமல் விற்ற, கெடாத, பழசாகாத பொருளுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். அதிலும் மூன்று மாதத் தேவைக்கு மேல் போக வேண்டாம்.

தள்ளிவைக்க வேண்டியவை

இரண்டாவது கிளை. இதைத்தான் எல்லோரும் முதலில் யோசிக்கிறார்கள். வாடகை முன்பணம், உள் வேலை, சரக்கு இதெல்லாம் வந்த பணத்தில் முடிந்துவிடும். லாபம் வரும்வரை ஆகும் மாதங்களின் வாடகையும் சம்பளமும் முதல் கடையின் கழுத்தில் விழும். போதாததற்கு உரிமையாளர் ஒருவரே. அவர் பாதி நேரம் இல்லாததால் முதல் கடையின் விற்பனை சரிவது கணக்கில் வருவதே இல்லை.

நிரந்தர ஆள் சேர்ப்பதும் அப்படித்தான். அந்த ஆளின் சம்பளத்தை அவர் கொண்டுவரும் கூடுதல் வேலையே சுமக்கும் என்று ஆர்டர் புத்தகம் சொன்னால் சேருங்கள். சொல்லவில்லையென்றால் மூன்று மாத ஒப்பந்தமாகவோ, வேலைக்கு இவ்வளவு என்றோ வைத்துப் பாருங்கள்.

வந்த பணத்தை முன்பணமாகக் கட்டி வண்டி எடுப்பது, தவணை என்ற புதிய மாதச் செலவை வீட்டுக்குள் அழைத்துவருவது. விளம்பரத்தில் ஒதுக்கிய தொகையின் பத்தில் ஒரு பங்கை முதலில் செலவிட்டு, வரும் ஒவ்வொருவரிடமும் எப்படித் தெரியும் என்று கேட்டு நோட்டில் குறித்து, புது வாடிக்கையாளர் ஒருவருக்கு எவ்வளவு செலவானது என்று தெரிந்த பிறகு மீதியைப் போடலாம். தெரியாத தொழிலில் பங்கு, இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவர்கள் ஆகிய இரண்டுக்கும் பதில் ஒன்றே: வேண்டாம்.

கைமாற்றுக் கேட்டு உறவும் நட்பும் வரும். முழுத் தொகையும் ஒதுக்கியாயிற்று என்பது உண்மையான பதிலாக இருக்கும்படி, யாருக்கும் சொல்லும் முன்பே ஒதுக்கீட்டை எழுதி முடித்துவிடுங்கள். கொடுத்தே ஆக வேண்டிய இடம் இருந்தால் திரும்பி வராவிட்டாலும் தாங்கும் தொகையை, உங்கள் சொந்தப் பங்கிலிருந்து கொடுங்கள்.

வீட்டுக்கும் உடன் உழைத்தவர்களுக்கும்

ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் தொழிலுக்குள் போடுவதும் தவறுதான். பல மாதம் தன் சம்பளத்தை எடுக்காமல் ஓட்டிய உரிமையாளர், வரியும் கடனும் போன பிறகு மிஞ்சியதில் பத்து சதவீதத்தை ஒட்டி வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். குடும்பமும் இந்தத் தொழிலைச் சுமந்திருக்கிறது. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும், ஏனென்றால் ஒரு மருத்துவமனை பில் சிறுதொழிலின் முதலீட்டை அப்படியே உறிஞ்சிவிடும். இது ஆண்டுக்கு ஆண்டு வரும் செலவுதான். மேலே சொன்ன அளவுகோலுக்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே விதிவிலக்கு இது.

வேலையாட்களுக்குக் கொடுக்கும்போது, இது இந்த ஒரு தடவைக்கானது, இன்ன ஆர்டர் முடித்ததற்காக என்று சொல்லிக் கொடுங்கள், வவுச்சரிலும் அப்படியே எழுதுங்கள். காரணம் சொல்லாமல் கொடுத்தால் அடுத்த ஆண்டும் எதிர்பார்ப்பார்கள். அந்த எதிர்பார்ப்பில் நியாயமும் இருக்கும். சம்பள உயர்வாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். உயர்வு வழக்கமான லாபத்திலிருந்து வர வேண்டும்.

ஒரு கணக்கு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை

ஒரு சிறிய அச்சகம். அவசர ஆர்டர் ஒன்றில் செலவு போக 10,00,000 எதிர்பாராத லாபம். கணக்காளர் சொன்னபடி வரிக்கு 2,00,000 தனியே போகிறது. மீதி 8,00,000.

தினவசூல் கடன் ஒன்று. இன்றே முடித்தால் குறைத்துக்கொள்வதாகச் சொன்ன பிறகு 1,50,000. தேதி தாண்டிய காகித பாக்கி 90,000. தாங்கும் நாட்கள் 12. நாளொன்றுக்கு 10,000 வீதம் 30 நாளாக்க 1,80,000. இதுவரை 4,20,000. மீதி 3,80,000.

ஒரு வாரம் கவனித்ததில் வெட்டும் மேசையில்தான் வேலை குவிகிறது. அதனால் மாதம் 25,000-க்கு வெளியே வெட்டக் கொடுக்கிறார்கள். வெட்டும் இயந்திரம் 2,00,000, மற்ற செலவு கால் பங்கு 50,000. மாதம் மின்சாரமும் கத்தி தீட்டலும் 5,000 போக 20,000 மிச்சம். 2,50,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை மாதம். வாங்கலாம். மீதி 1,30,000-இல் வீட்டுக்கு 50,000, இரவு விழித்து ஆர்டரை முடித்த ஆட்களுக்கு 30,000. கடைசி 50,000-க்குப் பெயர் வைக்கவில்லை. இயந்திரம் இறங்கும் நாளில் எதிர்பாராத செலவு ஒன்று எப்படியும் வரும்.

இந்த ஒதுக்கீட்டில் புதிய மாதச் செலவு இயந்திரத்தின் 5,000 மட்டுமே. அதுவும் தன்னைப் போல ஐந்து மடங்கு பழைய செலவை நிறுத்திய பிறகுதான் வருகிறது. தினவசூல் தவணையும் நின்றுவிட்டது. அடுத்த மாதம் பணம் கூடுதலாகத் தங்கும். அந்தக் கூடுதலை இயந்திரத்துக்கு ஆன 2,50,000 திரும்பும்வரை மாதம் 20,000 வீதம் தனிக் கணக்குக்கே மாற்றிவிடுங்கள். மிச்சம் உண்மையிலேயே வருகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

90-ஆம் நாள்

அதே ஒரு பக்கத் தாளை மறுபடி எழுதுங்கள். தாங்கும் நாட்கள் 30-இல் நிற்கிறதா, 20-க்கு இறங்கிவிட்டதா? வெளியே வெட்டக் கொடுப்பது நின்றதா, பழக்கத்தில் தொடர்கிறதா? மாத வெளிச்செலவு 3,00,000-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். கூடியிருந்தால் எந்த இனத்தில் கூடியது என்று தேடுங்கள்; பெரும்பாலும் அது பணம் வந்த மாதத்தில் தொடங்கிய ஒரு சின்னச் செலவாக இருக்கும். அதை அந்த மாதமே நிறுத்துங்கள்.